அது மாதிரி இல்லை

அத்தியாயம் 6

மூன்று மாதத்துக்கு முன்பு இறந்துபோன பெண், அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜைமேலிருந்து ஐந்தாவது தடவையாகப் பேசினாள்.

"அது மாதிரி இல்ல. இத்தனை நாள் எனக்கே தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் விட்டிருப்பேனா? என்னை மன்னிச்சிடு. பாப்பாவை நினைச்சாத்தான்... சரி, வந்து சொல்றேன்."

அவ்வளவுதான். பதினெட்டு விநாடி. அந்தக் குரலைச் சுற்றிச் சில சில்லறைச் சத்தங்களும் இருந்தன. விடாமல் ரீங்கரிக்கிற ஏதோ ஓர் இயந்திரம், தொடக்கத்தில் எதையோ மேஜையில் வைக்கிற 'டொக்', கடைசியில் வெகு தூரத்தில் ஒரு மணியோசை.

"வந்து சொல்றேன்னாங்க," என்றாள் கமா மெதுவாக. "வந்துதான் சொல்றாங்க, தினமும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்தப் பெண்ணின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். போனைத் தொட்டிருந்த விரல்களில் கிரீஸ் கறை நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமாங்க மேடம்," என்றார். "ராத்திரி பாப்பா தூங்கினதும் ஒரு பத்துத் தடவை வருவா."

கமாவுக்கு முதுகில் ஈரத்துணி பட்டாற்போல் இருந்தது.

கோர்ட்டில் பத்தொன்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள் அவள். சாட்சிகள் அழுவதையும் புளுகுவதையும் காதால் வாங்கி விரலால் அடித்துத் தள்ளியவள். "இந்தம்மா வாக்கியத்தை முடிக்கவே மாட்டாங்களா, எங்கே பார்த்தாலும் கமாவா இருக்கே," என்று ஒரு நீதிபதி அலுத்துக்கொண்ட நாளில் பெற்றோர் வைத்த பெயர் காணாமல் போயிற்று. பேச்சிலும் அவள் அப்படித்தான். முற்றுப்புள்ளி என்ற ஒன்றை அவள் வாயிலிருந்து யாரும் பார்த்ததில்லை.

அவளுடைய இப்போதைய முதலாளி தராசு. எடை அளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து, தொடக்கூடாத இடத்து எடைக்கல்லைத் தொட்டதால் வெளியேற்றப்பட்டவர். யார் என்ன சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்துப் பார்ப்பார். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தச் சாய்வும் அந்தப் பெயரும் போகவில்லை.

"நீங்க அனுப்பினதைக் காட்டுங்க," என்றார் தராசு.

மெக்கானிக் போனைத் தள்ளினார். திரையில் அவருடைய செய்தி, வந்த பதிலுக்கு நேர் மேலே இருந்தது. நேரம் நாலு பத்து. *தினமும் லேட்டா வர்றே. கேட்டா வேலைங்கிறே. வேற யாராவது இருக்காங்களா? அது மாதிரி ஏதாவது இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு.*

அதற்குக் கீழே நாலு பதினாலுக்கு அவள் குரல். நாலே கால் மணிக்கு, அவள் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்தின் வாசலில், லாரி.

"இதை அவங்க படிச்சாங்களான்னு காட்டுற நீலக் குறி?"

"அதை எப்பவோ ஆஃப் பண்ணி வச்சுட்டா சார். படிக்காம எப்படி சார் பதில் வரும்? நான் 'அது மாதிரி'ன்னு கேட்டேன், அவளும் 'அது மாதிரி இல்ல'ன்னு சொன்னா. அப்புறம் மன்னிச்சிடுங்கிறா." அவர் குரல் கீழே இறங்கிற்று. "லாரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். திடீர்னு குறுக்கே ஓடி வந்தாங்கன்னு சொன்னார். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் சார். பார்க்காம ஓடினாளா? இல்லே பார்த்துட்டே ஓடினாளா?"

 

பார்த்துக்கொண்டே ஓடியிருந்தால் அந்த லாரியை ஓட்டியவர் இந்த மனிதர்தான். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கன்னத்தில் சதை வற்றி, கண்ணுக்குக் கீழே கருத்து, மூன்று மாதமாக அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.

"கொஞ்சம் தண்ணி குடிக்கிறேன்," என்று கமா எழுந்து சமையலறைக்குள் போனாள். அழுகை வருகிற இடத்தில் நிற்பது அவளுக்கு ஆகாது.

உள்ளே அடுப்பு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. சுவரோரம் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு நூடுல்ஸ் டப்பாக்கள். எல்லா மூடியிலும் ஒரே கரடி, ஒரே சிரிப்பு. கழுவிக் கவிழ்த்த காலி டப்பாக்கள் ஜன்னலோரம் தனிப் பட்டாளம். ஒன்றில் பென்சில்கள், ஒன்றில் பொத்தான்கள், ஒன்றில் கொத்துமல்லியாக இருக்கலாம் என்று சந்தேகப்படும்படியான ஒரு செடி.

"ஏங்க, இந்த வீட்டைச் செங்கல்லுல கட்டினாங்களா, டப்பாவுல கட்டினாங்களா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

மெக்கானிக் வாசற்படியில் வந்து நின்றார். முதல் தடவையாக லேசாகச் சிரித்தார். "எனக்குச் சமைக்க வராதுங்க. இதுல வெந்நீர் ஊத்தி மூடினா மூணு நிமிஷம். காலையில ஒண்ணு, ஸ்கூல் விட்டு வந்தா நாலரைக்கு ஒண்ணு. பாப்பாவுக்கு வெண்ணெய் போட்ட அந்த நூடுல்ஸ்னா உயிர். அவ இருந்தப்போ வாரத்துல ரெண்டு நாள்தான், நாலரை மணி டியூஷன்ல கொடுப்பாங்க. இப்ப நான்தானே."

தராசு பின்னால் வந்து ஒரு டப்பாவை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் சின்ன முத்திரை. குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது என்று ஒரு வரி, ஒரு சான்றிதழ் எண், பரிசோதனைக்கூடத்தின் பெயர்.

"அவங்க வேலை பார்த்த இடம்."

"அவளே பார்த்துக் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் சார்." மெக்கானிக்கின் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போயிற்று. "அதனாலதான் வேற எதையும் வாங்கறதில்ல. இதுல அவ கை பட்டிருக்கு."

கமா தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பும்போது கதவு நிலையில் பென்சில் கோடுகளைப் பார்த்தாள். பிள்ளையை நிறுத்தி உயரம் குறித்த கோடுகள். நாலு வயசு, அஞ்சு, ஆறு என்று விரற்கடை விரற்கடையாக ஏறி வந்தன. ஆறுக்கு மேலே கோடு ஒரு தாவு தாவியிருந்தது. அதற்கும் மேலே வேறொரு கையெழுத்தில், கிரீஸ் ரேகையோடு, இன்னொரு தாவு.

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"ஏழு. வகுப்பிலேயே அவதான் உயரம்," என்றார் அப்பா.

கிளம்பும்போது தராசு அந்தக் குரலைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். மெக்கானிக் தயங்கினார். அனுப்பும்போது கை தவறி அழிந்துவிட்டால்? கடைசியில் போனையே எடுத்து நீட்டினார். "நீங்களே கொண்டுபோங்க சார். சாயங்காலம் கொடுத்தாப் போதும். இன்னிக்கு லீவு, வீட்லதான் இருப்பேன். எனக்கு வேற யாரு கூப்பிடப் போறா?"

நாலு மாடி இறங்கினார்கள். லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று அட்டை தொங்கிற்று.

"லிஃப்ட் மெக்கானிக் வீட்டு லிஃப்ட்," என்றாள் கமா. "இதைக் கதையில எழுதினா நம்ப மாட்டாங்க."

*

பரிசோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. மேலே மூன்று மாடியும் கண்ணாடியும் வெளிச்சமுமாக இருந்தன. அந்தப் பெண் வேலை பார்த்தது தரைக்குக் கீழே. படியிறங்க இறங்கக் கமாவின் கையிலிருந்த போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசிப் படியில் ஒன்றுமில்லை.

கீழே சரக்கறைக்குப் பொறுப்பான அம்மாள் இருந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். குளிர்பதன அறையிலேயே காலம் தள்ளுவதால் வெயில் நாளிலும் ஸ்வெட்டர். அவருக்குப் பின்னால் ஆணியில் ஒரு வெள்ளைக் கோட்டு தொங்கிற்று. காற்றே இல்லாத அந்த அறையில் அதன் கை மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது.

"அவளோடதுதான்," என்றார் ஸ்டோர் அம்மா. "எடுத்து மடிச்சு வைக்கலாம்னு தினமும் நினைக்கிறேன். மனசு வரல. நான் திரும்பி உட்கார்ந்து எழுதினா, பின்னாலயே நின்னு 'அக்கா, மாதிரி வந்துச்சா'ன்னு கேக்கற மாதிரியே இருக்கும்."

"என்ன மாதிரி?"

"மாதிரிதான்."

"எது மாதிரி?"

"எது மாதிரியும் இல்லம்மா. மாதிரி! சோதனைக்கு வர்ற சரக்கு."

"ஓ, அந்த மாதிரி மாதிரியா," என்றாள் கமா. "நான் ஏதோ மாதிரி ஆயிட்டேன்."

ஸ்டோர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பேச்சும் வந்தது. உணவு டப்பா தயாரிக்கிற கம்பெனிகள் இருபத்து நான்கு டப்பாவைத் தாங்களே எடுத்து, தாங்களே சீல் வைத்து அனுப்பும். பன்னிரண்டு மேலே சோதனைக்குப் போகும். மிச்சம் பன்னிரண்டு இங்கே ஒரு வருஷம் தூங்கும். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஓர் எண், அதே எண்ணில் சுவரில் ஓர் இழுப்பறை. இதுதான் விதி.

"கம்பெனியே எடுத்து அனுப்புமா?" தராசின் தலை சாய்ந்தது. "எங்க துறையில கடைக்காரரையே கல்லு கொண்டு வரச் சொல்லி எடை பார்த்தா, ஊருல ஒரு கல்லும் குறையாது."

"விதி அப்படித்தாங்க," என்றது படியிலிருந்து ஒரு குரல். மேலாளர் இறங்கி வந்துகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட முகம். "எங்களுக்கு வர்றதைத்தானே நாங்க சோதிக்க முடியும்? சட்டத்துல ஒரு அளவு இருக்கு. வந்த மாதிரி அந்த அளவுக்குள்ள இருந்தா பாஸ். அந்தக் கரடி டப்பா பதினோரு தடவையும் பாஸ். பாவம், பதினொண்ணுலயும் அந்தம்மாதான் கையெழுத்து."

"கடைசி மூணு வாரம் ஏன் லேட்டா வீட்டுக்குப் போனாங்க?"

மேலாளர் ஸ்டோர் அம்மாவைப் பார்த்தார். ஸ்டோர் அம்மா தன் ஸ்வெட்டர் பொத்தானைப் பார்த்தார்.

"எல்லாரும் போனதும் ஏதோ சொந்தமா வெந்நீர் ஊத்தி, எண்ணெய் ஊத்தி, மெஷின்ல போட்டுப் பார்த்துட்டிருந்தா," என்றார் அந்த அம்மாள் மெதுவாக. "கேட்டா, 'உறுதியானதும் சொல்றேன்க்கா'ன்னா."

"பதிவேட்டுல அப்படி ஒண்ணும் இல்லையே," என்றார் மேலாளர்.

"பார்க்கலாமா?" என்றார் தராசு.

அவள் இறந்த நாளின் பக்கத்தில் கடைசி வரி அவளுடைய கையெழுத்து. அவசரமில்லாத, உருண்டையான எழுத்து. எண் நானூற்றுப் பதினேழு. எதிரே இரண்டே சொல்: *மாதிரி இல்லை*.

"நம்பர் போட்டிருக்கா, சரக்கு வரல போல," என்றார் ஸ்டோர் அம்மா. "வராத நம்பரை அடிச்சு விட்டுடுவோம். அன்னிக்கு இருந்த இருப்புல யாரு அடிக்கிறது?"

"அந்த வரிசையையே நாளைக்குக் காலி பண்ணப் போறோம்," என்றார் மேலாளர். "வேற ஏதாவது?"

அப்போதுதான் மணி அடித்தது.

சுவருக்கு அப்பால், எங்கோ தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து அடிக்கிறாற்போல் ஒரு மணி. கமாவின் கைமயிர் சிலிர்த்தது. இந்த மணியை இன்று அவள் ஐந்து தடவை கேட்டிருக்கிறாள். அவளை அறியாமலே கண் ஆணியில் தொங்கும் கோட்டுக்குப் போயிற்று. இப்போது அது பேசினாலும் அவள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள்.

"பக்கத்து ஸ்கூல்," என்றார் ஸ்டோர் அம்மா. "மூணரைக்கு விடுவாங்க. அதோட சரி, அப்புறம் காலையிலதான் அடிப்பாங்க."

தராசு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று முப்பது. மெக்கானிக்கின் போனை வாங்கி, ஒலியைக் குறைத்து, காதில் வைத்துக் கடைசி வரை கேட்டார். கமாவின் காதில் வைத்தார். "...சரி, வந்து சொல்றேன்." அதற்கு அடியில் மணி.

"மெக்கானிக் எப்பக் கேட்டார்?" என்றார் தராசு.

"நாலு பத்து."

"இவங்க எப்பப் பேசினாங்க?"

"மூணரைக்கு," என்றாள் கமா. "இங்கே சிக்னல் கிடையாது, பேசி வச்சது போன்லயே உட்கார்ந்திருக்கு, படியேறி வெளியில போனதும் தானா கிளம்பிப் போயிருக்கு, நாலு பதினாலுக்கு, அதுக்குள்ள இவரோட கேள்வி வந்து முன்னாடி நின்னுடுச்சு..."

"கேள்விக்கு நாப்பது நிமிஷம் முன்னாடியே பதில்." தராசு ஸ்டோர் அம்மா பக்கம் திரும்பினார். "விபத்து நடந்ததும் அவங்க வீட்டுக்குப் போன் பண்ணினது யாரு?"

"நான்தாங்க. என் போன் கீழே இருந்துச்சு. அவ கைப்பைக்குள்ளிருந்து அவ போனை எடுத்துத்தான் பேசினேன்."

"பைக்குள்ள இருந்ததா?"

"ஜிப் போட்டிருந்தா. நான்தான் இழுத்துத் திறந்தேன். அது சிக்கிட்டு வராம... " அந்த அம்மாளின் கை, இல்லாத ஒரு ஜிப்பைக் காற்றில் இழுத்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வாசலுக்குப் போறப்ப போனைக் கையில எடுத்துப் பார்த்தாங்களா?"

"எங்கே பார்க்கறது? என் முன்னாலதான் படியேறினா. 'நாலரைக்குள்ள போகணும்க்கா, நாலரைக்குள்ள போகணும்'னு ஒரே ஓட்டம். அப்படி ஓடி நான் பார்த்ததே இல்ல."

அந்த மனிதர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் அனுப்பியதை அவள் பார்க்கவே இல்லை. கமாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. இறங்கிய இடத்தில் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. அப்படியானால் அவள் யாருக்கு, எதற்குப் பதில் சொன்னாள்? கேள்வியே இல்லாமல் "அது மாதிரி இல்ல" என்று யாராவது பேச்சைத் தொடங்குவார்களா? நாற்பது நிமிஷம் கழித்து வரப்போகும் கேள்விக்கு?

பழக்க தோஷம். கமா பதிவேட்டின் ஓரத்திலிருந்த துண்டுத்தாளை இழுத்து, போனைத் திரும்ப ஓடவிட்டு, கோர்ட்டில் செய்வதுபோல் கேட்கக் கேட்க எழுத ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே பேனா நின்றது. மறுபடி ஓடவிட்டாள். மறுபடி.

"சார், இந்த 'டொக்' எங்கே வருது?"

"ஆரம்பத்துல."

"ஆரம்பத்துல இல்ல சார், முதல் சொல்லுக்கும் ரெண்டாவது சொல்லுக்கும் நடுவுல. 'அது'ன்னு சொல்றாங்க, எதையோ மேஜையில வைக்கிறாங்க, அப்புறம் 'மாதிரி இல்ல'ங்கிறாங்க. பத்தொன்பது வருஷமா இந்த இடத்துல நான் என்ன போடுவேன்?"

அவள் தாளில் போட்டாள். தராசு குனிந்து பார்த்தார்.

*அது, மாதிரி இல்லை.*

"அந்தச் சரக்கு... சோதனைக்கு வந்த மாதிரி இல்ல," என்றார் தராசு.

"தினமும் இந்தச் சொல்லை நூறு தடவை சொல்ற பொம்பளை சார். அவங்களுக்கு மாதிரின்னா இதுதான். புருஷனுக்கு வேற. நமக்கும் வேற." கமா பதிவேட்டைத் தட்டினாள். "இங்கேயும் அதேதான். சரக்கு வரலன்னு எழுதல. உள்ளே இருக்கறது மாதிரி இல்லன்னு எழுதியிருக்காங்க. அக்கா, நானூத்திப் பதினேழைத் திறங்க."

"அது காலி," என்றார் மேலாளர்.

"காலின்னா திறக்கறதுல என்னங்க கஷ்டம்?"

மேலாளர் சாவிக்காகக் கையை நீட்டினார். ஸ்டோர் அம்மா அந்தக் கையைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தார். சாவியோடு தாமே எழுந்து போனார்.

இழுப்பறை கனத்தோடு வந்தது.

உள்ளே ஒரு கரடி டப்பா. கழுவியது, பழசு. பக்கவாட்டில் மெழுகுப் பென்சிலால் ஒரு பூனை வரைந்து, கீழே வளைந்து வளைந்து 'பாப்பா' என்று எழுதியிருந்தது. அதன்கீழ் ஓர் எக்ஸ்ரே. கமா அதை விளக்குக்கு நேரே தூக்கினாள். சின்னக் கை ஒன்று, விரல்களை விரித்து, இருட்டுக்குள்ளிருந்து அவளுக்கு வணக்கம் சொல்வதுபோல் நின்றது. ஓரத்தில் டாக்டரின் குறிப்பு: வயது ஏழு, எலும்பின் வயது பத்தரை.

கதவு நிலையில் தாவிய கோடு கமாவின் கண்முன் வந்து நின்றது.

கடைசியாக ஒரு தாள். நடுவில் கோடு கிழித்து இரண்டு பத்தி, அடியில் டப்பாவின் உள்பூச்சு ரசாயனத்தைப் பற்றி அவள் கையெழுத்தில் சில வரி. இடது பக்கம் 'கம்பெனி அனுப்பியது', வலது பக்கம் 'கடையில் வாங்கியது, கொதிநீரும் கொழுப்பும் சேர்த்து'. இடது பக்கம் எல்லாம் பூஜ்யம். வலது பக்கத்து எண்களைத் தராசு படித்துவிட்டு, படித்தது சரிதானா என்று இன்னொரு தடவை படித்தார்.

"எனக்குப் புரியற பாஷையில," என்றாள் கமா.

"உடம்புக்குள்ள ஹார்மோன்னு ஒண்ணு இருக்கு. வளரு, நில்லுன்னு உத்தரவு போடுற கையெழுத்து. இந்த டப்பாவோட உள்பூச்சுல இருக்கற ரசாயனம் அதே கையெழுத்தைக் கள்ளத்தனமாப் போடும். உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, உத்தரவை நிறைவேத்திடும். சோதனைக்கு நல்ல பூச்சு, கடைக்கு இந்தப் பூச்சு." அவர் தாளை மடித்தார். "இந்தக் குழந்தைக்கு இதனாலதான் இப்படி ஆச்சுன்னு எந்த டாக்டரும் அடிச்சுச் சொல்ல மாட்டார். ஆனா சட்டம் போட்ட அளவைப்போல அறுபது மடங்கு இறங்கியிருக்கு."

"பதினோரு தடவை கையெழுத்துப் போட்டிருக்காங்க," என்றாள் கமா. "'இத்தனை நாள் எனக்கே தெரியாமப் போச்சு, என்னை மன்னிச்சிடு.' அவங்க புருஷன்கிட்ட வேற எதுக்கும் மன்னிப்புக் கேக்கல சார். இதுக்குத்தான்."

"எங்களுக்கு வந்தது பாஸ்," என்றார் மேலாளர். இஸ்திரி கலைந்துவிட்டிருந்தது. "வந்ததைத்தானே..."

"நாளைக்கு அதிகாரிகிட்ட அதையே சொல்லுங்க," என்று தராசு இழுப்பறையில் இருந்ததையெல்லாம் ஸ்டோர் அம்மாவின் முன்னால் எண்ணி, அவர் கையெழுத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார். "விதிப்படி இது நல்ல சாட்சி. கமா, கிளம்பு."

கமா நகரவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நாலரைக்குள்ள போகணும்னு ஏன் ஓடினாங்க?"

"பாப்பாவுக்கு டியூஷன்ல..." என்று தொடங்கிய தராசு பாதியில் நின்றார். "நாலரைக்கு அந்த டப்பா."

"அதைத் தடுக்கத்தான் ஓடியிருக்காங்க. வாரத்துல ரெண்டு நாள் கொடுத்ததுக்கே அப்படி ஓடியிருக்காங்க." அவள் மேஜைமேலிருந்த போனை எடுத்துக்கொண்டாள். "இப்ப அவர் தினமும் ரெண்டு கொடுக்கறார் சார். இதுல அவ கை பட்டிருக்குன்னு சொல்லிச் சொல்லிக் கொடுக்கறார்."

தராசு சட்டென்று தன் போனை எடுத்தார். சிக்னல் இல்லை. இருந்தாலும் பயனில்லை. மெக்கானிக்கின் போன் கமாவின் கையிலேயே இருந்தது.

மணி நாலு ஐந்து.

*

தராசின் கார் கிளம்புவதற்கு எப்போதும் இரண்டு தடவை யோசிக்கும். அன்று ஐந்து தடவை யோசித்தது. வாசல் சாலையைக் கடக்கும்போது கமா இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். இதே வாசலிலிருந்து, இதே நேரத்துக்கு, இதே காரியத்துக்காக ஒருத்தி கிளம்பினாள். அவள் முடிக்காமல் விட்ட மிச்ச வழியைத்தான் இப்போது கடந்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு வந்ததும் பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கக் கமாவுக்குத் தைரியம் வரவில்லை.

நாலு இருபத்தேழுக்குக் கட்டடத்தின் வாசல். 'பழுது' அட்டை அதே இடத்தில் தொங்கிற்று. முன்பு அடித்த ஜோக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. கமா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நாலு மாடியும் ஏறினாள்.

கதவு திறந்திருந்தது.

பாப்பா மேஜைமுன் உட்கார்ந்திருந்தாள். சீருடை கழற்றவில்லை. கால் தரையைத் தொட்டது. ஏழு வயசுப் பிள்ளைக்கு அந்த நாற்காலியில் தொடக்கூடாது. எதிரே டப்பா, மூடி பிரியாமலிருக்க மேலே ஒரு ஸ்பூன். ஓரத்தில் ஆவி. கரடி சிரித்தது. மெக்கானிக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

கமா செருப்பை வாசலிலேயே போட்டாள். நேரே போய் அந்த டப்பாவைத் தூக்கினாள். சூடு விரலைச் சுட்டது. விடவில்லை.

"அது என்னோடது," என்றாள் பாப்பா.

மெக்கானிக் திகைத்துப்போய்ப் பார்த்தார். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு தராசு வந்து சேர்ந்தார். கமா டப்பாவை எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் போனை எடுத்து மேஜையில் வைத்து அழுத்தினாள்.

"அது," என்றாள் அந்தப் பெண். டொக். "மாதிரி இல்ல."

"அந்தச் சத்தம் ஒரு கரடி டப்பாதாங்க," என்றாள் கமா. "பாப்பாவோட டப்பாவை மேஜையில வச்சுட்டு, இது எங்களுக்குச் சோதனைக்கு வந்த மாதிரி இல்லன்னு உங்ககிட்ட சொல்றாங்க. இது விஷம்னு சொல்றாங்க. உங்க கேள்வியை அவங்க பார்க்கவே இல்ல. நீங்க கேக்கறதுக்கு நாப்பது நிமிஷம் முன்னாடியே பேசிட்டாங்க. போன் பைக்குள்ள, ஜிப் போட்டு. நாலரைக்குள்ள வந்து இதைப் பிடுங்கணும்னு ஓடினாங்க. பார்க்காமதான் ஓடினாங்க."

மெக்கானிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாதமாகப் பிடித்திருந்த ஸ்டியரிங்கை விட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. கண் நிறைந்தது. "பார்க்காமத்தானா," என்றார். "பார்க்காமத்தானா சார்?" தராசு தலையைச் சாய்க்காமல், நேராக வைத்து, ஆமாம் என்றார்.

பிறகு மெக்கானிக்கின் பார்வை மேஜையிலிருந்து கமா பிடித்திருந்த டப்பாவுக்குப் போயிற்று. அங்கிருந்து சமையலறைக்கு, இடுப்பு உயரக் கரடிகளுக்கு. அங்கிருந்து கதவு நிலைக்கு, தன் கிரீஸ் ரேகை பட்ட கடைசிக் கோட்டுக்கு.

"காலையில ஒண்ணு," என்றார். உதடு மட்டும் அசைந்தது. "நாலரைக்கு ஒண்ணு."

கமா அவர் தோளைத் தொடப் போனாள். கை பாதியில் நின்றது.

"அப்பா," என்றாள் பாப்பா. அவள் இன்னும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு நிமிஷம் ஆயிடுச்சு."